பாட்டாவிடம் கேட்டது யார்?

முதியவர் ஒருவர் நெடுநாள் நோயில் கிடக்கும்போது, "பாவம், இவர் படும் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இச்சொல் இரக்கத்தில் பிறந்ததா, சலிப்பில் பிறந்ததா? சொல்லுகிறவருக்கே பல வேளைகளில் தெரிவதில்லை.

2019-ல் மதுமிதா இயக்கத்தில் வெளிவந்த "கே.டி. (எ) கருப்புதுரை" என்னும் தமிழ்ப் படம் இக்கேள்வியை நம் முன் வைக்கிறது. முதியவராக மு. ராமசாமியும், சிறுவனாக நாக விஷாலும் நடித்தார்கள். அவ்வாண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திர விருது நாக விஷாலுக்குக் கிடைத்தது.

80 வயதுக் கருப்புதுரை 3 மாதம் நினைவின்றிக் கிடந்து, ஒருநாள் கண் விழிக்கிறார். பெற்ற மக்களே தமக்குத் தலைக்கூத்தல் நடத்தத் திட்டமிடும் பேச்சு அவர் காதில் விழுகிறது. வீட்டை விட்டு வெளியேறுகிறார். கோயிலொன்றில் வளரும் 8 வயது அநாதைச் சிறுவன் குட்டி அவருக்குத் தோழனாகிறான்.

தலைக்கூத்தல் வெறுங் கற்பனையன்று. படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் இவ்வழக்கம் விருதுநகர் முதலிய தென் மாவட்டங்களில் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதியுள்ளன. சட்டப்படி அது கொலை. செய்கிறவர்களோ அதைக் கருணை என்கிறார்கள்.

குட்டி செய்ததென்ன? கொடுக்க அவனிடம் மருந்துமில்லை, பணமுமில்லை. கிழவரின் ஆசைகளைக் கேட்டான். பிரியாணி தின்பது முதல், இளமையில் பிரிந்த வள்ளியைக் காண்பது வரை 10 ஆசைகள் பட்டியலாயின. மக்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள். சிறுவன் அவரோடு பேசினான். அதுவே அவரை மறுபடியும் மனிதராக்கிற்று.

"கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், படுத்த படுக்கையானவரைப் பார்ப்பது எளிதா?" எனக் கேட்கலாம். எளிதன்று. இரவெல்லாம் விழித்திருந்து மலஜலம் எடுக்கும் மருமகள் சலித்துக்கொண்டால், அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அளவுக்கு மீறிப் பாரமான சிகிச்சைகளை ஏற்க யாரும் கடமைப்பட்டவரல்லர் என்பதைப் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957-லேயே விளக்கினார். ஆயினும், வருகிற சாவுக்கு வழிவிடுவது வேறு. சாவை நாமே வருவிப்பது வேறு. உயிர் சர்வேசுரன் தந்தது. சலிப்பு பாவமன்று, சலிப்புக்கு இரக்கம் என்று பெயர் சூட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்க, பாட்டாவும் பாட்டியும் வீட்டைக் காக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ! கஞ்சியும் மாத்திரையும் வேளைக்குக் கிடைக்கின்றன. கேட்பார்தான் இல்லை.

பெற்றோரே, இன்று உங்கள் பிள்ளையை அந்தக் கட்டிலருகே அனுப்புங்கள். "பாட்டா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கட்டும். மீன்குழம்போ, பழைய சிநேகிதர் ஒருவரின் முகமோ, அவர் கேட்பது எதுவானாலும் இந்த வாரத்திலேயே செய்ய முயலுங்கள்.