காவல் யாரைக் கட்டுகிறது?

மங்கலத்தில் கடல் இல்லை. நொய்யல் இருக்கிறது, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில் ஓடியது பெரும்பாலும் சாயத் தண்ணீர். இந்த ஊரில் நான் சுறாவை முதன்முதலில் பார்த்தது பிள்ளை பெற்ற வீட்டில். அக்காவுக்குத் தலைப்பிரசவம். பால்சுறா சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறும் என்று அம்மா சந்தையிலிருந்து கருவாடு வாங்கி வந்தார். வெந்நீரில் போட்டுத் தோலைச் சுரண்டி, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டுப் புட்டாக வதக்கினார். அக்கா முகம் சுளித்தபடி தின்றாள். ஒரு தாயின் மடியை நிறைக்க ஒரு குட்டிச் சுறா எங்கிருந்தோ இருநூறு மைல் வந்திருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சுறா எனக்கு மறுபடி எதிர்ப்பட்டது 2016இல், ஒரு மாணவியின் கைப்பேசியில். நான் தமிழ் நடத்தும் கல்லூரியில் அவள் விலங்கியல் இறுதியாண்டு. நான் விடுதியின் துணைக் காப்பாளர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு மாலை, ஆறு மணிக்குக் கதவைப் பூட்டச் சாவியோடு வந்த என்னை நிறுத்தி, "மேடம், இதப் பாருங்க" என்று ஒரு காணொளியைக் காட்டினாள். கலாபகஸ் தீவுகளின் கடல். முக்குளிப்பவர் ஒருவர் பாறையோரம் பதுங்கி மேலே பார்க்கிறார். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் சுத்தியல்தலைச் சுறாக்கள், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடிக்காமல் போய்க்கொண்டே இருக்கின்றன. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று சொல்வது இதைத்தான். தலை இரண்டு பக்கமும் சட்டம் போல நீண்டிருக்கும்; அதன் இரு முனைகளிலும் கண்கள்.

அவளுக்குப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. மறுவாரம் அவள் அப்பா வந்தார். "ஏனுங்க மேடம், அத்தன தூரம் புள்ளைய அனுப்பலாங்களா? நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். நான் சொன்னேன்: "தூரந்தானுங்க. கடல் வேற. சுறா அது இதுன்னு ஏன் வம்பு? இங்கயே பி.எட். படிக்கட்டுமே." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. பி.எட்.டிலும் சேரவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, அவள் நல்லதற்குத்தான் சொன்னேன் என்று பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தத் தேற்றலைப் பற்றியது. ஒருவரைக் காப்பது என்றால் என்ன? காப்பதும் அடைப்பதும் எந்த இடத்தில் பிரிகின்றன?

முதலில், நான் பெயர் சொல்லிப் பயமுறுத்திய அந்த மீனுக்கு நியாயம் செய்ய வேண்டும். சுறாத் தாக்குதல்களுக்கென்று ஃபுளோரிடாவில் ஓர் உலகப் பதிவேடு பராமரிக்கிறார்கள். கொம்பன் சுறா ஒரு மனிதரைக் கொன்றதாக அதில் ஒரு பதிவும் இல்லை. கூட்டமாகத் திரியும் வகை மனிதரைக் கண்டால் விலகுகிறது. முக்குளிப்பவரின் உருளையிலிருந்து எழும் காற்றுக்குமிழிச் சத்தமே அதற்கு ஆகாது. அதனால்தான் கலாபகஸிலும் கோகோஸ் தீவிலும் அதைப் பார்க்கப் போகிறவர்கள் பாறையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டு, துரத்தாமல் காத்திருக்கிறார்கள். பயம் அங்கே எதிர்த்திசையில் ஓடுகிறது.

1980களில் பீட்டர் கிளிம்லி என்ற ஆய்வாளர் கலிபோர்னியா வளைகுடாவில், காற்று உருளை இல்லாமல் மூச்சடக்கி இறங்கி இக்கூட்டங்களை ஆராய்ந்தார். கூட்டத்தில் பெரும்பான்மை பெண்கள். பெரிய பெண் சுறாக்கள் நடுவே இருக்கின்றன. சிறியவை நெருங்கினால் உடலைச் சுழற்றி, தலையை உலுக்கி ஓரத்துக்கு அனுப்புகின்றன. பகலில் கடலடி மலையைச் சுற்றிக் கூட்டமாக நீந்துபவை, இருட்டியதும் தனித்தனியாக ஆழ்கடலுக்குள் இரை தேடிப் போகின்றன. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று இருக்கிறது. பெண் குட்டிகள் ஆண் குட்டிகளைவிடச் சிறிய உடம்போடு இருக்கும்போதே கரையோரத்தை விட்டு வெளிக்கடலுக்குப் போய்விடுகின்றன. அங்கே இரை அதிகம். அதனால் வேகமாக வளர்கின்றன. குட்டிகளைத் தொப்புள்கொடியோடு வயிற்றில் சுமந்து பெறும் இனம் இது. தாய்க்குப் பெரிய உடம்பு வேண்டும். அந்த உடம்பைச் சம்பாதிக்கத்தான் சீக்கிரம் வெளியேறுகின்றன.

தந்தம் உள்ள ஆண் யானைக்கும் நாம் கொம்பன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். பெண்கள் மிகுந்த ஒரு கூட்டம் நம் மொழிக்குள் வரும்போது ஆண்பால் விகுதியோடு வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பார், சுறாவிலேயே பெண்தான் முதலில் வெளியே போகிறாள், நீங்களும் போங்கள்" என்று நான் வாதிட மாட்டேன். விலங்கைக் காட்டி மனிதருக்கு நீதி சொல்லும் வழி நமக்குப் பழக்கமானது. கோழி குஞ்சைக் காப்பதைக் காட்டி, பெண்ணுக்கு இடம் கூடு என்று சொன்னவர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். சுறா எனக்குச் சான்று ஆகாது. ஆனால் என் கேள்வியைத் திருத்திக்கொள்ள அது உதவுகிறது: வெளியே போவது ஆபத்து என்றே கணக்குப் போட்ட நான், உள்ளேயே இருப்பதால் வளராமல் போவதை ஆபத்து என்று எண்ணவே இல்லை.

நான் வகுப்பில் இற்செறிப்பு நடத்துகிறவள். காதல் தெரிந்ததும் தலைவியை வீட்டுக்குள் வைத்துக் காவல் போடுவது அகப்பாடல்களில் வரும் துறை. நெய்தல் பாடல்களில் தோழி, சுறா திரியும் கழியைக் கடந்து இரவில் வராதே என்று தலைவனிடம் சொல்வாள். மாணவிகளிடம் நான் கேட்பதுண்டு: ஆபத்து நிறைந்த வழியில் நடப்பவன் அவன், அவனை யாரும் வீட்டில் வைத்துப் பூட்டவில்லை. வழியின் ஆபத்து எதையும் சந்திக்காதவளுக்கு ஏன் பூட்டு? கேட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போவேன். இரண்டும் ஒரே கையால்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் பாதுகாப்பு என்ற சொல் விலைபோகும் சொல். பல மில்களுக்குத் தெற்கு மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைச் சேர்த்தபோது பெற்றோரிடம் சொன்ன முதல் வாக்குறுதி அதுதான்: விடுதி பாதுகாப்பானது, பெண் வெளியே போக மாட்டாள். மூன்று வருடம் வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரும் வைத்தார்கள். பூட்டிய கதவு யாரைக் காத்தது? ஆள் நின்றுவிடாமல் தறியையும் நூலையும் காத்தது. பெற்றோரின் பயம் உண்மையானது; அதை அடகு பிடித்து இன்னொருவர் லாபம் எடுத்தார்.

கடலிலும் இப்படி ஒரு காவல் உண்டு. குளிப்பவர்களைக் காக்கச் சிட்னி கடற்கரைகளில் 1937இலும், டர்பனில் 1952இலும் சுறா வலை கட்டினார்கள். அது வேலி போலத் தடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கரையை முழுக்க மறைப்பதில்லை. சுறா மேலாகவும் கீழாகவும் போய்வரலாம். அது பிடித்துக் கொல்லும் வலை. கொம்பன் சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடி மூச்சு கிடைக்கும். வலையில் மாட்டினால் சீக்கிரம் இறந்துவிடும். ஆளைக் கொல்லாத மீன், ஆளைக் காக்கும் வலையில் சாகிறது. கரையில் இருப்பவர் நிம்மதியாகக் குளிக்கிறார்.

அப்படியென்றால் காவலே வேண்டாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் இறங்கி, விளக்கில்லாத சந்தில் நடக்கிற பெண்ணின் பயம் கற்பனை அல்ல. இதே சுறாவுக்கும் காவல் தேவைப்படுகிறது. பெரிய கொம்பன் சுறாவும் வளைவுத்தலைக் கொம்பன் சுறாவும் மிக அருகிவரும் இனங்கள் என்று 2019இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. துடுப்புக்காகவும் இழுவலையில் தற்செயலாகவும் அவ்வளவு பிடித்திருக்கிறோம். 2013இல் பாங்காக்கில் கூடிய நாடுகள் இவற்றின் வணிகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. 2015இல் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது.

இந்தச் சட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சுறாவுக்கான சட்டம் சுறாவைக் கட்டவில்லை. ஆறு மணிக்கு மேல் நீந்தாதே, ஆழத்துக்குப் போகாதே என்று அதனிடம் சொல்லவில்லை. பிடிப்பவரையும் விற்பவரையும் கட்டுகிறது. பெண்ணுக்கான காவல் மட்டும் எப்போதும் பெண்ணையே கட்டுகிறது. காப்பதும் அடைப்பதும் பிரியும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: ஆபத்தை உண்டாக்குகிறவரின் கையைக் கட்டினால் அது காப்பு; ஆபத்துக்கு ஆளாகிறவரின் காலைக் கட்டினால் அது அடைப்பு. சந்தில் விளக்குப் போடுவது காப்பு. அந்த வண்டியில் ஏறாதே என்பது அடைப்பு.

இந்த அளவுகோலையும் கடல் சோதித்துப் பார்த்தது. போன வருடம் மாணவிகளோடு பாம்பன் பக்கம் போயிருந்தேன். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனது. தலைமுறைகளாக அங்கே மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், தங்கள் தீவுகளுக்குள்ளேயே திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் ஆனார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசியைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த முயற்சிக்காகச் சின்னப்பாலத்து லட்சுமி 2015இல் சீகாலஜி பரிசு பெற்றார். கடலைக் காப்பவரைக் கடலிலிருந்து காக்க வேண்டியவர்களின் பட்டியலில் சேர்த்தது எளிதாக நடந்தது. பெரிய விசைப்படகைவிட, சேலை கட்டிய ஒருத்தியைத் தடுப்பது சுலபம். காவல் கை எட்டுகிற இடத்தில்தான் முதலில் விழுகிறது.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "சுறாவுக்குப் பயமில்லையாக்கா?" என்று கேட்டேன். "சுறாவ விடுங்க டீச்சர். அது அது பாட்டுக்குப் போகும். சொறி பட்டாத்தான் ரெண்டு நாளைக்கு எரியும். பாறை காலக் கிழிக்கும். அபராதம் போட்டா அன்னிக்கிச் சம்பாத்தியம் போச்சு" என்றார். பயங்களை அவர் வரிசைப்படுத்திய விதத்தைக் கவனித்தேன். தண்ணீருக்குள் இறங்கியவருடைய வரிசை அது. நான் இறங்காமலேயே ஒரு வரிசை வைத்திருந்தேன். அதை இன்னொருத்தியின் வாழ்க்கைக்கு விதியாக்கினேன்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கூடையில் கையகலத் தலையோடு நாலைந்து கொம்பன் குட்டிகள் கிடந்தன. பால்சுறா என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். பட்டினப்பாலையில், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாத பரதவர், சூலுற்ற சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வணங்குவதைப் படித்திருக்கிறேன். அந்தச் சுறா வாள்மூக்கு வேளாவாக இருக்கலாம். எதுவானாலும், கொன்ற தாயின் முன் ஒருநாள் கை கட்டி நின்றிருக்கிறார்கள். எனக்கு அக்காவின் தட்டு ஞாபகம் வந்தது. அதைத் தின்றது அவள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்தத் தட்டு ஒன்றுதான் யாரும் கணக்குப் பார்க்காமல் வைத்த தட்டு. ஆனால் எந்தக் காப்புக்கும் ஒரு விலை உண்டு, அதை யாரோ கொடுக்கிறார்கள் என்பதை அந்தக் கூடை சொன்னது.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மாணவியைத் தேடிப்பிடித்தேன். அவள் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; ஒரு பையன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். "நீங்க போலாம்னு சொல்லியிருந்தாலும் அப்பா விட்டிருக்க மாட்டாருங்க மேடம்" என்றாள். என்னை விடுவிப்பதற்காக அதைச் சொன்னாள் என்று தெரிந்தது. அவள் அப்பா கேட்டது என் அனுமதியைத்தான். நான் தலையசைத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தது நான். அவளுடைய பெருந்தன்மை அவளுடையது. அதை என் கணக்கில் வரவு வைக்க முடியாது.

விடுதிப் பொறுப்பு இன்னும் என்னிடம்தான். சாவியும் என்னிடம்தான், அதை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். வாசலுக்கு வெளியே எரியாமல் கிடந்த இரண்டு விளக்குகளுக்காக மூன்று மாதம் மனு எழுதி எரிய வைத்தோம். கதவு மூடும் நேரம் எட்டரை ஆகியிருக்கிறது. பெற்றோர் யாராவது வந்து, "புள்ளைய அனுப்பலாங்களா மேடம்?" என்று கேட்டால், அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். "என்னக் கேக்காதீங்க. போறது அவ. அவளுக்கு என்ன பயம், என்ன வேணும்னு அவகிட்டயே கேளுங்க" என்கிறேன். சில பெண்கள் பேசுகிறார்கள். சிலர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசும்வரை நானும் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.