நமக்குள்ளே எதற்கு எழுத்து?

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இன்று என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். சிறு வயதில் மக்தபில் ஒன்றாக ஓதியவர்கள். சேர்ந்து ஒரு காபிக் கடை போடப் போகிறார்கள். ஒருவர் வெளிநாட்டில் சம்பாதித்த மூன்று லட்சத்தைப் போடுகிறார். மற்றவரிடம் பணமில்லை, கைப்பக்குவம் இருக்கிறது. "கணக்கு எப்படி?" என்று கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு ஹஜ்ரத் எழுத்து? பாதிப் பாதிதான்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு துஆ செய்து அனுப்பினேன்.

ஒன்றரை வருடத்தில் கடை மூடப்பட்டது. இருவரும் தனித்தனியாக வந்தார்கள். "தினமும் பஜ்ருக்கு முன்னால் கடை திறந்தேன். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் ஐநூறு எடுத்தால் அது திருட்டா?" என்றார் ஒருவர். "பாதி என்பது லாபத்தில்தானே! என் மூன்று லட்சம் எங்கே?" என்றார் மற்றவர். "போன நஷ்டத்திலும் பாதிதானே பேசினோம்" என்றும் சொன்னார்.

(அவர்கள் யாரென்று தேடாதீர்கள். அடையாளங்களை மாற்றி, இருவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.)

இதில் பொய் சொன்னவர் யார்? யோசித்துப் பார்த்தேன். ஒருவருமில்லை. "பாதிப் பாதி" என்ற ஒரே சொல்லை இருவரும் இரண்டு விதமாக விளங்கியிருக்கிறார்கள். நாளாக நாளாக, தனக்குச் சாதகமானது மட்டும் அவரவர் நினைவில் தங்கிவிட்டது.

சகோதரர்களே! மோசடிக்காரனிடம்தான் எழுத்து வேண்டும், நல்லவர்களுக்குள் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அது கட்டளையிடுகிறது. அதை முதலில் கேட்டவர்கள் யார்? ஒருவருக்காக ஒருவர் உயிரையே கொடுக்கத் துணிந்த ஸஹாபாக்கள்! அவர்களுக்கே எழுதச் சொன்னான் என்றால், எழுத்து சந்தேகத்தின் அடையாளமாக எப்படி ஆகும்? சந்தேகம் நுழையாமல் காக்கும் கதவு அது.

திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஆதம் (அலை) அவர்கள் தம் வயதில் சில ஆண்டுகளைத் தாவூத் (அலை) அவர்களுக்குக் கொடுத்தார்கள். உயிரைக் கைப்பற்றும் வானவர் வந்தபோது அதை மறந்து, மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் ஏவப்பட்டது. ஒரு நபிக்கே மறதி வந்தது. காபிக் கடைக்காரருக்கு வராதா?

மார்க்கச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்றால் அதற்கு முளாரபா என்று பெயர். அதில் நஷ்டம் வந்தால், உழைத்தவரின் கவனக்குறைவு இல்லாதவரை, முதல் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணாகும். அவரிடம் நஷ்டத்தில் பாதி கேட்க முடியாது. உழைப்பவரும் பேசாத பணத்தைக் கல்லாவிலிருந்து எடுக்க முடியாது. அது அமானிதம். "லாபமோ நஷ்டமோ, மாதம் பத்தாயிரம் எனக்குத் தந்துவிடு" என்று பேசுவதும் கூடாது. லாபத்தில் இத்தனை பங்கு என்றுதான் பேச வேண்டும். நுணுக்கமான விஷயங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தொடங்கும் முன்பே ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்கு லாபமும் நஷ்டமும் சமம். கடையில் உழைத்ததற்குத் தனிச் சம்பளம் கேட்கவும் முடியாது. நீங்கள் பேசாமல் விட்டதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள்.

ஆகவே, டீக்கடையோ சலூனோ, நண்பரோடு தொடங்குகிறவர்கள் இவற்றை எழுதுங்கள்: யார் எவ்வளவு போட்டது, லாபப் பங்கு என்ன, நஷ்டம் யாருக்கு, வீட்டுச் செலவுக்கு எடுக்கலாமா, பிரிய நேர்ந்தால் அட்வான்ஸும் பாத்திரங்களும் யாருக்கு. இரண்டு சாட்சிகள் கையெழுத்திடட்டும். தினக்கணக்கை இருவரும் பாருங்கள்.

கூட்டாளிகள் இருவரில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை, மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. அந்த பரக்கத்தைக் கேட்பவர்கள், அவன் சொன்னபடி எழுதவும் வேண்டாமா?

அந்த இருவரின் கணக்கைப் பல நாள் உட்கார்ந்து தீர்த்து வைத்தோம். ஆனாலும் இன்றுவரை ஒருவர் முன்வாசல் வழியாக வருகிறார், மற்றவர் ஹவ்ளு பக்கமாக வருகிறார். அன்று நான் சிரிக்காமல் ஒரு தாளை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரங்களில் பரக்கத் செய்வாயாக! நட்பைப் பணத்திற்காக இழப்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைப்பாயாக! ஆமீன்.