பட்டவர்தான் பாடம் சொல்ல வேண்டுமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர்தான் வரவேண்டுமா? ஆசிரியர் பட்ட பாட்டை ஒரு தகுதியாகக் கணக்கில் எடுக்கலாமா? காது கேளாதோர் கல்வியின் வரலாற்றில் இந்தக் கேள்வி பலருடைய பிழைப்பையே தீர்மானித்தது.

லோரான் கிளெர் 1785இல் பிரான்சில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்ததால் கன்னத்தில் தழும்பு. அவருக்குக் காதும் கேட்காது. இரு விரல்களால் கன்னத்தை வருடுவதுதான் சைகை மொழியில் அவருடைய பெயர். 12 வயதில் பாரிஸ் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன ழான் மசியூவுக்கும் காது கேட்காது. பின்னர் கிளெரும் அதே பள்ளியில் ஆசிரியரானார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கும் எண்ணத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்த தாமஸ் காலடெட் அவரை அழைத்தபோது, 1816இல் கப்பலேறினார். 52 நாள் பயணம். வழியில் காலடெட் அவருக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தார். அவர் காலடெட்டுக்குச் சைகை மொழி சொல்லித் தந்தார். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபர்ட் நகரில் பள்ளி திறந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர், 1858இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பாடம் நடத்தினார்.

அந்த வகுப்பில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்குக் கிளெர் கொடுத்தது எழுத்தும் கணக்கும் மட்டும் அல்ல. தன்னைப் போன்ற ஒருவர் பெரியவராகி, படித்து, சம்பளம் வாங்கி, நாலு பேர் மதிக்க வாழ முடியும் என்பதை அந்தப் பிள்ளை நேரில் பார்த்தது. காது கேட்கும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைக் கொடுக்க அவரால் இயலாது. ஆசிரியரின் பின்னணி ஒரு தகுதியே என்று வாதிட இதைவிட வலுவான காரணம் கிடையாது.

ஆனாலும் வாதம் இதோடு முடிந்துவிடுவதில்லை. கிளெர் படித்த பாரிஸ் பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் தெ லெபேவுக்குக் காது நன்றாகக் கேட்கும். பாரிஸின் காது கேளாதோர் தங்களுக்குள் ஏற்கெனவே பேசிவந்த சைகைகளை அவர்களிடமே கற்று, அவற்றை அடிப்படையாக வைத்துப் பாடம் நடத்தினார். படாதவரும் பாடம் சொல்லலாம், பிள்ளைகளிடம் முதலில் மாணவராக உட்கார மனமிருந்தால்.

அதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசிக்காக அறியப்பட்ட அவர், தொழிலால் காது கேளாதோரின் ஆசிரியர். அவருடைய தாய்க்குக் காது கேட்பது மிகக் குறைவு. மனைவி மேபல் சிறுவயதில் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். இதைவிட நெருக்கமான பின்னணி யாருக்கு வாய்க்கும்? அக்கறையும் பொய்யில்லை. அப்படிப்பட்டவர்தான் 1883இல் முன்வைத்த ஆய்வுரையில், காது கேளாதோர் தங்களுக்குள் மணந்துகொள்வதைக் குறைக்க வேண்டும் என்றும், அதற்காகச் சைகை மொழியையும் காது கேளாத ஆசிரியர்களையும் பள்ளிகளிலிருந்து விலக்க வேண்டும் என்றும் எழுதினார். கூடவே வாழ்ந்ததால் அவர்களுக்கு எது நல்லது என்று தானே முடிவு செய்யலாம் என எண்ணிவிட்டார். அன்பின் பெயரால் இழைக்கப்பட்டாலும் அநீதி அநீதிதான்.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1880இல், மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே மேலானது என்று தீர்மானித்திருந்தது. காது கேளாதோருக்கான அந்த மாநாட்டில் காது கேட்காதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல நாடுகளின் வகுப்புகளில் கைகள் கட்டிப்போடப்பட்டன. பிள்ளை ஆசிரியரின் தொண்டையில் கைவைத்து அதிர்வை உணர வேண்டும், உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று ‘பாலை’ என்றும் ‘மாலை’ என்றும் ஓசையில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். இந்த ஊகத்திலேயே பிள்ளைகளின் பள்ளிப் பருவம் கரைந்தது. வரலாறும் அறிவியலும் படிக்க நேரம் மிஞ்சவில்லை. 1870 வாக்கில் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் பத்துக்கு நான்கு பேர் காது கேளாதவர்கள். முதல் உலகப் போர் முடிவதற்குள் அது ஏழுக்கு ஒருவர் என்றானது. மிலான் தீர்மானத்துக்கு அதன் வழிவந்த மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் படித்துப் போன தலைமுறைகளுக்கு அந்த வருத்தத்தால் என்ன பயன்?

ஆகவே, பின்னணியும் ஈடுபாடும் ஓர் ஆசிரியரை நல்லவராகக் காட்டப் போதும். அவருடைய கையில் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கப் போதா. பட்டவரிடமும் ஒரு வழுக்கல் உண்டு. ‘நான் தட்டுத் தடுமாறி மேலே வரவில்லையா, உனக்கு மட்டும் என்ன?’ என்று கேட்கும் ஆசிரியரை, காது கேளாதோர் பள்ளி என்றில்லை, எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். தான் பட்டதை அளவுகோலாக்கினால் தன்னைப் போல் தாங்க முடியாத பிள்ளை அங்கே மறுபடியும் ஒதுக்கப்படுகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், சைகை மொழியிலும் பிரெயிலிலும் தேர்ந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. சரியான சட்டம். ஆனால் அதை நிறைவேற்றும் விதத்தில் இன்னொரு அநீதி நுழையலாம். காது கேளாத ஒருவரைக் கணக்கு ஆசிரியராக எடுத்துவிட்டு, பள்ளியின் காது கேளாத பிள்ளைகள் அனைவரையும் அவர் தலையில் கட்டுவது. ஆண்டுவிழா மேடையில் அவருடைய கதையைச் சொல்லச் சொல்வது. பெற்றோர் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவது. தன் துயரத்தைக் காட்சிக்கு வைக்கும் கடமை அவருக்கு இல்லை. அவர் கணக்கு நடத்த வந்தவர். அந்தப் பிள்ளைகளோடு பேசச் சைகை மொழி கற்றுக்கொள்ளும் பொறுப்பு, அதே ஓய்வறையில் உட்கார்ந்திருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியருக்கும் உரியது.