எதிர்க்காற்றில் ஒரு சைக்கிள் பிரயாணம்



இந்த மாதத் தியானத்துக்கு அப்போஸ்தலர் 27, 28 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வேதத்தைத் திறந்து அவற்றை ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். பிறகு இதைப் படிக்கலாம்.

வாசித்தீர்களா? அங்கே புயலுக்கு முன்பு பவுல் என்ன சொன்னார்? "தைரியமாயிருங்கள், ஜெபித்துவிட்டுக் கப்பலை எடுப்போம்" என்றா சொன்னார்? இல்லை. இந்தப் பிரயாணம் சேதத்தில் முடியும், போகவேண்டாம் என்று எச்சரித்தார். அதற்கு முன்னமே மூன்று தடவை கப்பற்சேதத்தில் சிக்கினவர் அவர் (2 கொரிந்தியர் 11:25). காலம் பிந்திப்போனதும் கடல் கெட்டுப்போனதும் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னதால் அவர் விசுவாசம் குறைந்துவிட்டதா?

நம்முடைய ஜனங்களிடத்தில் இரண்டு பழக்கம் உண்டு. கன்வென்ஷன் பந்தலில் மழை விழுந்தால், "பிசாசின் கிரியை, கட்டி ஜெபிங்க" என்பார்கள். ஊழியத்துக்குப் புறப்படும்போது மழை விழுந்தால், "கர்த்தருக்குச் சித்தமில்லை போல" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். இரண்டு பேருக்குமே மழை என்பது ஒரு தீர்ப்பு. மழைக்கு முதலில் குடை பிடிக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றுவதில்லை!

சென்ற டிசம்பரில் வாலிபர் நாலுபேரும் நானும் ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடத்துக்குச் சைக்கிளில் போனோம். வழிநெடுகக் கைப்பிரதி கொடுப்பதும், அங்கே ஒரு விசுவாச சகோதரியின் வீட்டில் ஜெபிப்பதும் திட்டம். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது தூறல்தான். உச்சிப்புளி வருவதற்குள் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. கைப்பிரதியும் வேதாகமமும் பாலிதீன் கவருக்குள் பத்திரமாய் இருந்தன. நாங்கள்தான் உள்ளாடைவரை நனைந்துவிட்டோம்.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். ஏற்றத்தில் மிதித்தால் உச்சி ஒன்று வரும் என்று கண்ணுக்குத் தெரியும். காற்றுக்கு உச்சி கிடையாது. அதோடு, நம்மேல் மோதுகிற காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளுவது ஏறக்குறைய நாலு மடங்காகும். முறைத்துக்கொண்டு மிதிக்கிறவன் சீக்கிரம் சோர்ந்துபோவான், மெதுவாய்ப் போகிறவன் ஊர் சேருவான். ரிம் நனைந்துவிட்டால் பிரேக்கும் உடனே பிடிக்காது. அழுத்தினபின் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றித் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். அதனால் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுப் போகச்சொன்னேன்.

எங்களில் ஒரு தம்பிக்கு உடம்பு மெலிவு. படிப்பு முடித்து இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல், மனசும் மெலிந்துபோயிருந்தான். அவன் பின்தங்க ஆரம்பித்தான். "நீங்க போங்க பாஸ்டர், நான் பஸ்ல ஏத்திட்டு வந்திர்றேன்" என்றான். ஒருவர் பின்னால் ஒருவர் போனால் முன்னே போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாய்க் குறையும். வாடை இடப்பக்கமாய்ச் சாய்ந்து அடித்ததால், சரியான மறைவு வலப்பக்கம் சற்றுப் பின்னால்தான் கிடைக்கும். ஆனால் அந்த ரோட்டில் வலப்பக்கம் ஒதுங்கினால் ராமேஸ்வரம் பஸ் நம்மைப் பரலோகத்துக்கே அனுப்பிவிடும். ஆகவே ஒரே வரிசை, கிடைத்த மறைவு போதும் என்று, அவனைக் கடைசியில் விட்டு நாங்கள் நாலுபேரும் மாறி மாறி முன்னே போனோம். யாரும் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. பேசினால் வாயில் மழைதான் போகும்.

மண்டபத்தில் டீக்கடையில் ஒதுங்கினோம். பாம்பனில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. வாலிபருக்கோ இரத்தம் சூடு. "ஜெபிச்சிட்டுப் போயிருவோம் பாஸ்டர், கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்து ரயில் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். 1914-ல் திறந்து 2022 டிசம்பர் வரை ரயில் ஓடின பழைய பாலத்தில் காற்றை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் சிவப்பு. டிரைவர் எவ்வளவு தைரியசாலியாயிருந்தாலும் ரயில் நிற்கும். 1988-ல் திறந்த நம்முடைய ரோட்டுப் பாலத்தில் சைக்கிள்காரனுக்கு அப்படி ஒரு சிக்னல் இல்லை. ஆண்டவர் கொடுத்த புத்திதான் சிக்னல்.

இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் கடையில் ஒதுங்கின மீனவர்களோடு பேசினது, ஒரு வாரம் கைப்பிரதி கொடுத்தாலும் கிடைக்காத பேச்சு. காற்று தணிந்தபின், பாலத்தின் இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து கடந்தோம். ஒரு வாலிபனுக்கு அது வெட்கமாயிருந்தது. இருக்கட்டும்.

தங்கச்சிமடம் சேரும்போது மத்தியானம் இரண்டு மணி. அந்தச் சகோதரியின் புருஷன் ஆகஸ்டில் கடலுக்குப் போனவர். படகின் இன்ஜின் நின்றுபோய், கச்சான் காற்று எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய், இன்றைக்கும் சிறையில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். எங்களைக் கண்டதும் அந்தம்மா முதலில் விறகைத் தள்ளி அடுப்பைப் பெரிதாக்கினார்கள். துண்டு கொடுத்தார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்:

"பாஸ்டர், அந்தக் காத்தை ஆண்டவர்தானே அனுப்பினாரு? நாங்க என்ன பாவம் செஞ்சோம்? எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க."

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினபோது இப்படிப்பட்ட கேள்விக்கு ஆறு பாயிண்ட் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அடுப்பங்கரையில் அந்த ஆறும் உதவாது. நான் அப்போஸ்தலர் 28-ஐ எடுத்தேன். கப்பலிலிருந்த 276 பேரும் நனைந்து, குளிரில் நடுங்கி மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். தீவின் ஜனங்கள் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். பவுலும் விறகு பொறுக்குகிறார். அதற்குள்ளிருந்து விரியன்பாம்பு வந்து அவர் கையைக் கவ்வுகிறது. உடனே ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பினவனைப் பழி விடவில்லை என்று. "அம்மா, அவங்க நல்ல ஜனங்க, நெருப்பு மூட்டினவங்க. ஆனா அவங்க சொன்ன தீர்ப்பு தப்பு" என்றேன்.

பின்பு லூக்கா 13-ஐ வாசித்தோம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். 1964 டிசம்பர் 22 இராத்திரி, தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயல் அள்ளிக்கொண்டுபோனது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தக் கரைக்காரர்களுக்கு இது தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட சங்கதி. "அவங்க எல்லாரும் பாவிங்கன்னு உங்க பாட்டி சொன்னாங்களா?" என்று கேட்டேன். "இல்ல பாஸ்டர், பாட்டி அழுவாங்க" என்றார்கள்.

அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. காற்று ஏன் அன்றைக்கு அப்படி வீசினது என்று எனக்கும் சொல்லப்படவில்லை. முழங்காற்படியிட்டோம். பின்தங்கி வந்த அந்தத் தம்பிதான் முதலில் வாய்திறந்து ஜெபித்தான். அவன் சத்தமாய் ஜெபித்து நான் அதுவரை கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இங்கே அப்பா இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஆண்டவரிடம் சொன்னான். அந்நிய பாஷையும் ஆரவாரமும் அப்புறம்தான் வந்தது. கர்த்தருடைய பிரசன்னம் அந்த ஓட்டு வீட்டை நிரப்பினது. அல்லேலூயா!

மறுநாள் அதே வாடை முதுகில் தள்ள, மூன்று மணிநேரத்தில் வீடு வந்தோம்.

ஜெபக்குறிப்பு: அந்தச் சகோதரன் விடுதலையாகவும், படகு திரும்பக் கிடைக்கவும் வெள்ளிதோறும் உபவாச ஜெபத்தில் பாரத்தோடு ஜெபியுங்கள். பிள்ளைகளுக்காகச் சபையின் பின்புறத்தில் அரிசி டின் ஒன்று வைத்திருக்கிறோம். வாலிபர் மாதத்துக்கொருமுறை அதைச் சைக்கிளில் கொண்டுபோவார்கள். கூடப்போக விருப்பமுள்ளவர்கள் என்னிடத்தில் பெயர் கொடுக்கலாம். மழைக்கோட்டு கொண்டுவரவும்.