அமைதியின் வாடகை

போன மே மாதம் கோத்தகிரிக்குப் போனேன். ஊட்டிக்கு இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் ஸீஸனுக்குப் போகிறார்கள், மலர்க் காட்சிக்குப் போகிறார்கள். நான் அமைதிக்குப் போகிறேன். எல்.எஃப்.சி. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை எழுதும்போதே இந்தப் பாகுபாடு மனதில் ஏற்பட்டுவிட்டது. இதில் உண்மை எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

தன்னை ஆள் என்றும் மற்றவர்களைக் கூட்டம் என்றும் எண்ணுவது கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பழகிய விஷயம். பென்ஷன் நாளில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காரியம் அவருக்குக் காரியம். முன்னால் நிற்கும் முப்பது பேரும் அவருக்குத் தாமதம். இதை ஒன்பது வருஷமாகப் பார்த்துவருகிற நான், மேட்டுப்பாளையத்தில் பஸ் நகராமல் நின்றபோது, முன்னால் நின்ற கார்களைப் பற்றி நினைத்ததும் இதையேதான்.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ் இந்தக் கணக்கில் வராது. பஸ்ஸில் வந்த எனக்கு இது ஒரு தார்மீக அனுகூலம் மாதிரித் தோன்றியது. ஆனால் பாஸில் எண்ணப்படாத தலைக்கும் மலைமேல் குளிக்கத் தண்ணீர் வேண்டும்.

இந்த மலையில் முதலில் ஒதுங்க வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819இல் வந்தார். அவருடைய பங்களா கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கில் இன்றும் இருக்கிறது. சமவெளி வெயிலுக்குத் தப்பி வந்தவருக்குப் பின்னாலேயே சாலை வந்தது, ஏரி வந்தது, பிறகு கோடைதோறும் ராஜதானி அரசாங்கமே மலையேறியது. ஒதுங்க இடம் கண்டவன் கூட்டத்துக்கு வழியும் கண்டுவிடுகிறான். அந்த இடமும் காலியாக இருந்ததில்லை. தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருப்பவர்களை எண்ணாமல் விட்டால்தான் ஓர் இடம் நமக்கு அமைதியான இடம் ஆகிறது.

எல்லோரும் செய்யலாம் என்று எதை விரும்ப முடியுமோ அதையே செய் என்பது கான்ட் வைக்கும் பரீட்சை. அமைதியான ஊருக்கு எல்லோரும் வரலாம் என்று நான் விரும்ப முடியாது. வந்துவிட்டால் அது அந்த ஊராக இருக்காது. ஆகவே நான் போனதே தவறா? அப்படியானால் மத்தியானம் மூன்று மணிக்குக் காலியாக இருக்கும் ஹோட்டலில் காபி குடிப்பதும் தவறாகிவிடும். தவறு போவதில் இல்லை என்றே படுகிறது. போன இடத்தில் அமைதி எனக்குச் சேரவேண்டிய பாக்கி என்று நினைப்பதில் இருக்கிறது.

நான் தங்கியது ஒரு வீட்டின் முன்னறையில். இரண்டு நாட்கள் நல்ல அமைதி. நிறையப் படித்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்கப் பின்கட்டுக்குப் போனேன். சமையலறை மூலையில் நான்கு பேருடைய படுக்கைகள் சுருட்டி வைத்திருந்தன. பேரன், ஐந்து வயதிருக்கும், சுவரோரம் உட்கார்ந்து கயிறு சுற்றிய பம்பரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன் சார். நீங்க அமைதிக்காக வந்தவங்களாச்சே" என்றார் வீட்டுக்கார அம்மாள். குரலில் குறையேதும் இல்லை. உபசாரமாகத்தான் சொன்னார்.

இரண்டு நாட்களாக நான் அனுபவித்தது மலை கொடுத்த அமைதி என்று நினைத்திருந்தேன். அது அந்தப் பையனிடமிருந்து வாங்கியது. நான் கொடுத்த வாடகையில் அதற்கென்று ஒரு பைசா இல்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை.

"விளையாடட்டும் அம்மா, எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். பையன் என்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். மறுநாள் காலை நான் பஸ் ஏறும்வரை அவன் பம்பரத்தைத் தரையில் விடவில்லை.