துயர் கேட்கும் செவி

மனித உள்ளத்தில் தோன்றும் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர், நகைக்கும் பெருமிதத்திற்கும் உவகைக்கும் இணையாக அழுகையையும் அச்சத்தையும் வைத்தார். இகழப்படுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமை ஆகிய நான்கு களங்களில் அழுகை பிறக்கும் என்பதும் அவர் கண்ட முடிவாகும். அழுதலும் அஞ்சுதலும் மனிதர்க்கு இயல்பே. ஆயின் வந்த அழுகை வாரங்கள் பல கடந்தும் நீங்காது, உறக்கத்தையும் உணவையும் தொழில் செய்யும் ஊக்கத்தையும் கவர்ந்துகொள்ளுமாயின், அதனை மனச்சோர்வு என்கின்றனர் உளவியலார். அஞ்சத்தக்கது எதிரே இல்லாதபோதும் நெஞ்சு படபடக்கும் நிலையைப் பதற்றநோய் என்கின்றனர்.

இந்நோய்க்கு ஆளான ஒருவர், தம் துயரைக் குடும்பத்திற்கு வெளியே சென்று, ஊதியம் பெற்றுக் கேட்கும் ஓர் உளவியலாளரிடம் உரைப்பது முறையாகுமா? ‘வீட்டுக் கதையை வீதிக்குக் கொண்டு போகலாமா?’ என்று நம் பெரியோர் வினவுவர். எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. அதனை நாம் வாழும் இத்தீவுகளில் வைத்தே ஆராய்வோம்.

கடல் சூழ்ந்த அந்தமானும் நிக்கோபாரும் நெய்தல் நிலம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை நாம் அறிவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேரே. அனைவரும் அனைவரையும் அறிந்த இடம் இது. மனநல மருத்துவரின் வாயிலில் காலையில் நின்றவர் யார் என்பதை மாலைக்குள் கடைத்தெரு அறிந்துவிடும். ஆதலின் துயருற்றோர் வாய் திறவாது இருந்துவிடுகின்றனர்.

இவ்வாய் திறவாமை எத்தகைய கேட்டினைத் தரும் என்பதற்கு இம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1896 முதல் 1906 வரை எழுப்பப்பட்ட செல்லுலார் சிறையில், ஒரு சிறகத்தின் முகப்பு அடுத்த சிறகத்தின் முதுகையே நோக்கி நின்றது. ஓர் அறையில் இருந்தவர் எதிர்ச் சிறகத்தில் இருந்தவரின் முகத்தைக் காண இயலாது. தன் சொல்லைக் கேட்க ஒருவரும் இல்லாதபோது மனிதன் உடைந்துபோவான் என்பதை அதனைக் கட்டியோர் நன்கு அறிந்திருந்தனர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று இங்கு வந்த உல்லாஸ்கர் தத்தர், கடுந்தண்டனைகளுக்கு ஆளாகி 1912இல் மனம் பிறழ்ந்தார். பின்னர் சென்னையிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட அவ்வீரர் 1920இல்தான் விடுதலை பெற்றார். அச்சிறை இன்று நினைவுச்சின்னமாகிவிட்டது. எனினும் தன் துயரைச் சொல்ல வழியின்றி ஒருவர் நம் இல்லத்தில் ஒடுங்கிக் கிடப்பாராயின், அவ்வில்லமும் அவர்க்குத் தனிச்சிறையே ஆகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் சூறையாடியதை நாம் மறக்க இயலாது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தீவு கச்சால். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநலக் குழுவினர் இங்கு வந்து, நிவாரண முகாம்களில் மக்களின் துயரைக் கேட்டனர். உள்ளூர்த் தொண்டர்க்கும் ஆசிரியர்க்கும் அப்பணியில் பயிற்சி அளித்தனர். கூடி வாழும் குடும்பமும் இணைந்து நிற்கும் சமூகமும் நிக்கோபார் மக்களுக்குப் பெருந்துணையாக இருந்தன என்பதையும் அவர்கள் எழுதி வைத்துள்ளனர். சுற்றமே மருந்து என்று நம் பெரியோர் கூறுவதில் உண்மை உண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

அங்ஙனமாயின் உளவியலாளர் எதற்கு? ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அலை ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்தும் அவர் கடற்கரைக்குச் செல்வதில்லை; படகேறும் பணியையும் விட்டுவிட்டார். ‘தைரியமாக இரு’ என்கிறார் தந்தை. ‘பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்’ என்கிறார் மனைவி. இருவர் சொல்லும் அன்பின் சொல்லே. ஆயினும் அச்சொல் அவரை மேலும் குற்றவாளி ஆக்குகின்றது. அவர் துயர் தம்மையும் சுடுவதால், சுற்றத்தார் அதனை விரைந்து அணைக்கவே விரும்புகின்றனர். முழுதும் கேட்க அவர்களால் இயலுவதில்லை.

உளவியலாளரோ வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 50 நிமிடம், தீர்ப்புக் கூறாது கேட்கின்றார். அஞ்சி விலகுந்தோறும் அச்சம் வளர்வதைக் காட்டுகின்றார். முதலில் கடலை நோக்கும் சாலை, பின்னர் மணற்பரப்பு, அதன்பின் படகுத்துறை எனச் சிறு சிறு அடிகளாக அவரை நடக்கச் செய்கின்றார். ‘என்னால் ஆவது ஒன்றுமில்லை’ என்னும் எண்ணத்திற்குச் சான்று உண்டா என அவரையே ஆராயச் செய்கின்றார். மருந்து வேண்டுமாயின் மனநல மருத்துவரிடம் அனுப்புகின்றார். கோவாவில் பயிற்சி பெற்ற எளிய ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வினரைத் தேற்ற இயன்றது என 2017இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. கேட்டல் என்பது கற்றுத் தேறத்தக்க கலை என்பது இதனால் விளங்கும். வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார் அன்றோ?

ஊதியம் பெறுவதால் அன்பு பொய்யாகுமா? ஆகாது. புண்ணுக்கு மருந்திடும் மருத்துவரும் ஊதியம் பெறுகின்றார். அதனால் அவர் கருணை குறைவதில்லை. ‘இவருக்குச் சுமையாகிவிட்டோமே’ என்று துயருற்றவர் நாணாதிருக்கவும் அவ்வூதியம் உதவுகின்றது.

மறை காத்தலே இப்பணியின் உயிர்நாடி. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. உள்ளத்தின் துயரைப் பாடலாம். அஃது யாருடையது எனத் தூற்றுதல் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயுற்றவரின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுதலை அவர்தம் உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஊறு நேரும் என்னும் நிலை போன்ற சில சூழல்களில் அம்மறை தளரலாம். ஆகவே உளவியலாளரிடம் செல்வது வீட்டுக் கதையை வீதிக்குக் கொண்டு போவதன்று. வீதி அறியாதவாறு அதனைச் சொல்ல ஓரிடம் தேடுவதேயாம். வீதிக்குக் கொண்டு வருபவர், வாயிலில் நின்றவரைக் கண்டு பேசும் நாமே.

எனவே அறத்தின் கடமை துயருற்றவர் மீது மட்டும் விழுவதில்லை. அவர் ஆறுதல் பெற்று மீண்டு வருவது நம் வீட்டிற்கே, நம் தெருவிற்கே. அங்குச் செல்பவரை ஏளனம் செய்யாதிருத்தல் நம் முதற் கடமை. அறிவுரை நாவில் எழும்போது அதனைச் சற்றே அடக்கி, ‘சொல்லுங்கள், கேட்கின்றேன்’ எனல் அடுத்த கடமை. நேரில் செல்ல நாணுவோர்க்கு 2022 முதல் 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணும் உண்டு. அதனை அறிவித்தலும் நம் கடமையே. கடல் நம்மைச் சூழ்ந்திருக்கலாம். நம்முள் ஒருவரும் தம் துயரோடு தனித்தீவாகிவிடாமல் காப்பது நம் கையில் உள்ளது.