எண்ணாமல் விட்ட ஒருவன்

வெளிநாடு சென்று மீண்டவனைக் கண்டதும் சுற்றத்தார் கேட்கும் முதற் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே. இலங்கைச் சுற்றுலா முடித்து மல்காஜ்கிரிக்குத் திரும்பிய யானும் களிப்புடன் விடை கூறினேன். அனுராதபுரத்துப் போதி மரம், கண்டியின் தந்ததாது மாளிகை, பொலன்னறுவைப் பாறையிற் செதுக்கிய பரிநிருவாணத் திருவுருவம் என வரிசையாக எடுத்துரைத்தேன். பார்த்து வந்தவன் என்ன ஆனான் என்று எவரும் வினவவில்லை. யானும் என்னை வினவிக்கொள்ளவில்லை.

அவ்வினா மிகிந்தலை மலைக்கு உரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மகிந்த தேரர், வேட்டைக்கு வந்த மன்னன் தேவானம்பிய தீசனை அங்கே சந்தித்தார் என்கிறது மகாவம்சம். மன்னனின் அறிவை ஆராய விரும்பிய தேரர், அவனுக்குச் சுற்றத்தார் உளரோ, சுற்றமல்லாதார் உளரோ என்று வினவினார். பலர் உளர் என்றான் மன்னன். அவ்விரு திறத்தாரையும் நீக்கினால் வேறு எவரேனும் உளரோ என்றதற்கு, தான் ஒருவன் உளன் என்றான். அனைவரையும் எண்ணிய பின்னும் எஞ்சி நிற்பவன் தானே என உணர்ந்த அவனுக்குத் தேரர் தம்மத்தைப் போதித்தார்.

கடல் கடந்து சென்று, அந்த எஞ்சிய ஒருவனை மறவாது மீண்டோர் உண்டு. இலங்கையிலும் சாதி சங்கத்தினுள் புகுந்து, உயர்குலத்தார்க்கே உபசம்பதை என்றிருந்த காலத்தில், அது மறுக்கப்பட்டோர் பர்மா சென்று துறவேற்று 1803-இல் திரும்பி, அமரபுர நிகாயம் தோன்றக் காரணமாயினர். 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்ற அயோத்திதாச பண்டிதர், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்று மீண்டு, அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர்கள் அங்கே கண்ட காட்சிகளை இன்று யார் நினைக்கின்றனர்? மீண்டபின் அவர்கள் செய்ததே நிலைத்தது.

யான் செய்தது யாது? மிகிந்தலையின் உச்சியில் காலணி களைந்து, முன்பின் அறியாதாரோடு தோளுரச நின்றேன். அருகில் நின்றவர் நீட்டிய நீரை வாங்கிப் பருகினேன். அவர் குலம் எதுவெனக் கேட்க எண்ணமும் எழவில்லை. ஊர் திரும்பிய சில நாட்களில், எங்கள் தெருவில் குப்பை வண்டி தள்ளிவரும் மூதாட்டி வாயிலில் நின்று தண்ணீர் கேட்டார். என் கை தானாகவே, அவருக்கென ஒதுக்கி வைத்திருந்த பழைய குவளையைத் தேடிச் சென்றது. நாள்தோறும் பஞ்சசீலம் ஓதும் வீட்டில் அக்குவளை இருந்தது!

தேரரின் கடைசிக் கேள்வி அப்பொழுதுதான் என்னை வந்தடைந்தது. எல்லா இடங்களையும் எண்ணிய யான், என்னை எண்ணவில்லை. நாங்கள் அருந்தும் குவளையிலேயே நீர் கொடுத்தேன். அம்மூதாட்டி தயங்கினார், இதழிற் படாமல் உயர்த்திப் பருகினார், பின், குவளையைக் கழுவியே திருப்பித் தந்தார். அவ்வாறு அவரைப் பழக்கியது என் வீடும் அன்றோ!

எங்களூர்க்கு அண்மையில், மகேந்திரா ஹில்ஸ் மேட்டில் ஆனந்த புத்த விகாரை உள்ளது. தம்மம் கேட்கக் கடல் கடக்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. பழைய குவளை இப்போது இல்லை. ஆயினும் அம்மூதாட்டி இன்றும் உயர்த்தியே பருகுகிறார். அவர் தயக்கமின்றிப் பருகும் நாள் வரை, என் இலங்கைப் பயணம் முடிவுற்றதாகக் கொள்ளேன்.